ஆபத்துக்கு முதலில் ஓடி வருபவர் யார்?

2024 டிசம்பர் 12-ம் தேதி இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்துபோனார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே தூக்கி வந்தார்கள். பல நாள் ஊரெல்லாம் அதே பேச்சு. யார் மேல் தப்பு, என்ன நடவடிக்கை என்று டீக்கடையில்கூட விவாதம். ஆனால், "தீப்பிடிச்சா லிஃப்ட்ல ஏறாதே" என்று தன் வீட்டுப் பிள்ளைக்கு உட்கார வைத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

கரன்ட் போனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். அது ஏறி இறங்கும் குழி, புகைக்கு அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூக்கில் ஈரத்துணி கட்டினால் கரித்தூள் நிற்கும்; இந்த வாயு நிற்காது. சூடான புகை மேலே போகும் என்பதால், தரையோடு தவழ்ந்து படிக்கட்டுக்குப் போவதுதான் வழி. படிக்கட்டே புகையாக இருந்தால் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். பத்து நிமிஷம் போதும்.

"இதையெல்லாம் கவர்மென்ட்டு சொல்லித் தரணும் ஐயா" என்பார்கள். சிவில் டிபென்ஸ் சட்டம் 1968-லேயே வந்துவிட்டது. 2025 மே 7-ம் தேதி நாடு முழுக்க ஒத்திகை நடந்தபோது கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடத்திக் காட்டினார்கள். நாம் டி.வி.யில் பார்த்தோம். நல்ல காரியம்தான். அதற்காக நம் தெருவுக்கும் யாராவது வருவார்கள் என்று காத்திருக்க முடியுமா? 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். வந்து சேரும்வரை உங்களோடு இருக்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். எந்த வீட்டு மாடியில் தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டில் பிரசவித்த பெண் இருக்கிறாள் என்பது தீயணைப்புக்காரருக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியும்!

என் தொழில் சம்பந்தமாகவும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். பாம்பு கடித்தவரைத் தயவுசெய்து என்னிடமோ, வேறு வைத்தியரிடமோ முதலில் கொண்டுவராதீர்கள். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து விஷமுறிவு ஊசி இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடித்தால் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. "ஏதோ பூச்சிக்கடி" என்று படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் இமை சரியும், மூச்சு தடுமாறும். கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கை, காலை அசைக்காமல் கிடத்திக் கொண்டுபோக வேண்டும். வேடசந்தூர், நத்தம் பக்கம் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்வது, ஒரு மூட்டை மூலிகையைவிடப் பெரிய உபகாரம். என் சக வைத்தியர்கள் சிலருக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

சொல்லிக்கொடுப்பது என்றதும் மேடை, மைக், பொன்னாடை என்று ஆரம்பித்துவிடுவோம். அது வேண்டவே வேண்டாம். காதில் கேட்டது மறுநாளே மறந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தெருவில் நாலு வீட்டார் சேருங்கள். பிள்ளைகளை விளக்கை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் கூட இருக்க, சுவரைப் பிடித்துப் படியை எண்ணிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள். விளையாட்டு மாதிரி ஜாலியாக இறங்குவார்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறக்க வேண்டும்; சுவிட்சில் கை வைக்கக்கூடாது என்பதை அடுப்படியிலேயே செய்து காட்டுங்கள். இதில் ஆண்களைவிடப் பெண்களே நல்ல ஆசிரியர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், நம்ம ஊரோ பூட்டுக்குப் பேர்போன ஊர். ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பீரோவுக்குள் வைப்பவர்கள் நிறையப் பேர். இருட்டிலும் புகையிலும் அதை யார் தேடுவது? கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். வீட்டுச் சிறுபிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில்.