சவர்க்காரத்தில் பிறந்த பட்டம்



சன்லைட் சவர்க்காரத்தை நம் பாட்டிமார் நன்றாக அறிவார்கள். துவைகல்லின் மேல் கிடந்த அந்தக் கட்டிதான் ஒரு மளிகைக் கடைக்காரர் மகனைப் பிரபுவாக்கியது. அந்தப் பட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியுமா?

இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் 1851-ல் பிறந்தவர் வில்லியம் லீவர். தகப்பனாரின் மளிகைத் தொழிலில் பழகியவர், 1885-ல் தம்பியோடு சேர்ந்து சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கினார். மாட்டுக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெயைக் கூட்டினார். நுரை பொங்கியது, பணமும் பொங்கியது! 1888-ல் தம் தொழிலாளர்களுக்கென்று போர்ட் சன்லைட் என்ற கிராமத்தையே கட்டத் தொடங்கினார். பூந்தோட்டங்களுக்கு நடுவே அழகழகான வீடுகள்.

1911-ல் அவருக்கு 'பாரனெட்' பட்டம் கிடைத்தது. பெயருக்கு முன் 'சர்' போட்டுக்கொள்ளலாம். தமக்குப் பின் மகனுக்கும் அது இறங்கும். அதே 1911-ல்தான், பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில் செம்பனைக் காடுகளுக்கு ஒப்பந்தம் போட்டார். அங்கே மரமேறிக் குலை வெட்டியவர்களில் பலர் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். போர்ட் சன்லைட்டின் வீடுகளைப் புகழ்கிறவர்கள் இதைப் பேசுவதில்லை. செம்பனைக் குலையின் கனம் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1917-ல் பிரபுப் பட்டமும் வந்தது. என்ன பெயர் வைத்துக்கொண்டார், பாருங்கள். மனைவி எலிசபெத் 1913-லேயே காலமாகிவிட்டார். அவர் பிறந்த வீட்டுப் பெயர் ஹியூம். அதைத் தம் பெயரோடு ஒட்டி 'லீவர்ஹியூம் பிரபு' ஆனார். 1922-ல் இன்னொரு படி உயர்ந்து 'வைகவுண்ட்' பட்டமும் பெற்றார். 1925-ல் அவர் இறந்ததும் பட்டங்கள் மகனுக்குப் போயின. 1949-ல் பேரன் பிலிப்புக்கு.

பிலிப்புக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் பெண்கள். சொத்தைப் பெண்ணுக்கு எழுதி வைக்கலாம். இந்தப் பட்டங்களை எழுதி வைக்க முடியாது. முதலாமவருடைய ஆண் வழியில் வந்த ஆண் பிள்ளைக்கு மட்டுமே அவை சேரும் என்பது ஏற்பாடு. பெண்ணின் பெயரைப் பட்டத்தில் சேர்க்கலாமாம், பெண்ணிடம் பட்டத்தைக் கொடுக்கக் கூடாதாம்! இது என்ன நியாயமோ, நீங்களே சொல்லுங்கள்.

2000-ல் பிலிப் காலமானார். பாரனெட், பிரபு, வைகவுண்ட் மூன்று பட்டங்களும் அன்றோடு முடிந்தன. எலிசபெத்தின் வீட்டுப் பெயர் மட்டும், முதலாமவர் தம் உயிலால் ஏற்படுத்திய லீவர்ஹியூம் அறநிதியில் இருக்கிறது. ஆராய்ச்சி செய்வோருக்கு அது உதவித்தொகை கொடுத்து வருகிறது.