மருத்துவரிடமும் மறைக்க வேண்டிய உடல்

மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். மறைத்தால் நஷ்டம் மறைத்தவருக்கே. நாட்டில் ஒரு பிரிவினருக்கு மட்டும் இது தலைகீழ். தமது உடலில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொன்னால்தான் ஆபத்து என்று சுமார் ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்துள்ளது.

வட மாநிலங்களில் ஹிஜ்ரா எனப்படும் திருநங்கையரில் பலர் ஆணுறுப்பு நீக்கம் செய்துகொண்டவர்கள். இதை அவர்கள் 'நிர்வாணம்' என்று குறிப்பிடுகின்றனர். தமிழகத் திருநங்கையரிடமும் இச்சொல் வழங்குகிறது. மருத்துவமனைக் கதவுகள் மூடியிருந்த காலத்தில், மயக்க மருந்தும் தையலும் இன்றி, சமூகத்தின் மூத்தவர் ஒருவரே இதைச் செய்தார். அவரைத் தாயம்மா என்பர். ரத்தப் போக்கில் இறந்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்கும் உபாதை அத்துடன் முடிவதில்லை. காயம் ஆறும்போது தழும்பு இறுகிச் சிறுநீர்ப் பாதை குறுகிவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டு, தாங்க முடியாத வலியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர நேரிடுகிறது.

அங்கே பணியில் இருப்பவருக்குக் குழாயை எங்கே, எப்படிச் செலுத்துவது என்பது தெரிய வேண்டும். அதற்கு முன்பு என்ன அறுவை நடந்தது என்பது தெரிய வேண்டும். இன்னும் பலவும் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. விரைகள் நீக்கப்பட்ட உடலுக்கு மாற்று ஹார்மோன் கிடைக்காவிட்டால் எலும்பு மெலியும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் ரத்த நாளங்களில் உறைகட்டி ஏற்படும் அபாயத்தைக் கூட்டும். வேறு ஏதோ அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கவிருக்கும் மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம். பெண் பெயரில் சீட்டு பெற்ற முதியவருக்கும் புரோஸ்டேட் சுரப்பி அப்படியே இருக்கும். அதில் புற்றுநோய் வந்தால், கேட்காத மருத்துவரும் சொல்லாத நோயாளியும் சேர்ந்து அதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

ஏன் சொல்வதில்லை? வெட்கம் ஒரு காரணம்; பிற நோயாளிகள் முன்னிலையில் துணியை விலக்கச் சொல்லி, வேடிக்கை பார்க்கப் பயிற்சி மாணவர்களையும் கூப்பிடுவார்களோ என்ற அச்சம் இன்னொன்று. ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்ற தகராறு மற்றொன்று. இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதிகம் பேசப்படாத காரணம் காவல் துறை.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-வது பிரிவு, கொடுங்காயம் என்றால் என்ன என்பதற்கு எட்டு வகைகளைப் பட்டியலிட்டது. அதில் முதலிடம் ஆண்மை நீக்கத்துக்கு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 116-வது பிரிவில் அதே பட்டியலை, அதே முதலிடத்துடன் எடுத்துக்கொண்டது. வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. வயது வந்தவர் மனமுவந்து சம்மதித்தார் என்பது மட்டும் கொடுங்காயத்துக்கு விலக்காகாது. நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சிகிச்சைக்கு வேறொரு பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது என்றாலும், அந்தப் பாதுகாப்பு தங்களுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்களே நீண்ட காலம் ஒதுங்கி நின்றனர். அவர்கள் ஒதுங்கிய இடத்தில்தான் தாயம்மாவின் கத்தி நின்றது.

சந்தேகத்துக்குரிய காயத்துடன் ஒருவர் வந்தால் அதை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனைகளின் நடைமுறை. விபத்துக்கும் விஷத்துக்கும் தாக்குதலுக்கும் அது சரியான நடைமுறையே. ஆனால், இரண்டு நாள் முன்பு நிர்வாணம் செய்துகொண்டு காய்ச்சலுடன் வரும் ஒருவரிடம் 'யார் செய்தது?' என்ற கேள்வி எழும்போது, அவர் தமக்கு ஒரே புகலிடமாக உள்ள வீட்டையும் குருவையும் காட்டிக்கொடுக்க வேண்டியவராகிறார். அதற்கு அஞ்சி அவர் வருவதே இல்லை. வந்தாலும் ஒரு கதை சொல்கிறார். சீழ் பிடித்த பிறகு சொல்லப்படும் கதைகளை நம்பி மருந்து எழுதுவது எந்த மருத்துவருக்கும் இயலாது.

முதலில் சிகிச்சை, பிறகுதான் சட்ட நடைமுறை என்று பரமானந்த கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. மருத்துவர் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றலாம். நோயாளியின் அச்சத்தை அது எப்படிப் போக்கும்?

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் தமிழக வாசகர்களுக்கு 1920-இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூடு நினைவுக்கு வரும். சென்னை மாகாணத்துக்கு அச்சட்டம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1871-இல், வட இந்தியாவில் அது பிறந்தபோது அதில் இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. 'அலிகள்' என ஆங்கிலேய அரசு கருதியவர்களில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களுக்கு ஒரு பதிவேடு. பொது இடத்தில் பெண் உடையில் தோன்றினாலோ, நடனமாடினாலோ சிறை. பதிவேட்டில் பெயர் ஏறியவர் தத்தெடுக்கவும் உயில் எழுதவும் தடை. யாரை அவ்வாறு கருதுவது என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கம்தான் இங்கே முக்கியம்: தாமே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் ஆண்மையற்றவராகத் தெளிவாகத் தெரிபவர். ஆக, அரசின் சார்பில் ஹிஜ்ராக்களின் உடலை முதன்முதலாகப் பரிசோதித்த மருத்துவர் அவர்களைக் குணப்படுத்த வரவில்லை. பதிவேட்டில் சேர்க்க வந்தார்.

விடுதலைக்குப் பிறகு அந்தச் சட்டம் ஒழிந்தது. பரிசோதிக்கும் ஆசை ஒழியவில்லை. 2014 ஏப்ரல் 15-இல் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு அளித்த தீர்ப்பு, பாலினத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நபருக்கே உரியது என்றும், அங்கீகாரத்துக்காக அறுவை செய்துகொள்ள வற்புறுத்துவது சட்ட விரோதம் என்றும் கூறியது. மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை கிடைக்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24-இல் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதாக்கள் பொதுவாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிறந்து அன்று மாலையே மறக்கப்படுபவை என்பதை அறிந்தவர்களுக்கு அது வியப்பளித்தது. மக்களவையில் அது கரை சேரவில்லை.

அதற்கு மாற்றாக அரசு 2016-இல் கொண்டுவந்த மசோதாவில் மாவட்டந்தோறும் பரிசோதனைக் குழு, அதில் தலைமை மருத்துவ அதிகாரி என்று எழுதப்பட்டிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின், 2019-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தக் குழு கைவிடப்பட்டது. அந்த மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய சிவாவின் தீர்மானம் தோற்று, நவம்பர் 26-இல், அதாவது அரசியல் சாசன தினத்தன்று, மாநிலங்களவை ஒப்புதல் அளித்தது. 2020-இல் வெளியான விதிகள், உடல் பரிசோதனை ஏதுமின்றிச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றன. எனினும், அறுவைக்குப் பின் ஆண் அல்லது பெண் எனத் திருத்திய சான்றிதழ் பெற மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கையொப்பம் தேவை என்றது சட்டத்தின் 7-வது பிரிவு.

சட்டம் எந்த வடிவம் எடுத்தாலும், எந்தத் திருத்தம் வந்தாலும், அதை அளக்க ஓர் அளவுகோல் போதும். சிகிச்சை அறையில் சொல்லப்பட்ட உண்மை அந்த அறையைத் தாண்டி எங்கே போகிறது? காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகும் என்றால் நோயாளி வாயைத் திறக்க மாட்டார்.

நாடாளுமன்றம் இதை அறியாததல்ல. 2017-இல் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, ஒருவரின் சம்மதமின்றி அவரது நோய் நிலையை வெளியிடக் கூடாது என்று திட்டவட்டமாக எழுதியது. அதே ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. விஷம் குடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரவே குடும்பத்தார் தயங்கிய காலம் ஒன்று உண்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமே காரணம். சட்டம் தண்டிக்க நிற்கும் வரை சிகிச்சை தோற்கும் என்பதை இரு அவைகளும் அன்று ஒப்புக்கொண்டன. அதே தர்க்கம் திருநங்கையின் உடலுக்கு நீட்டிக்கப்படாதது ஏன்?

மருத்துவர்களின் ஒழுங்குமுறை விதிகள் 2002 முதலே நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. மருத்துவரின் நன்னடத்தையை நம்பி இருக்கும் விதிக்கும், நீதிமன்றத்தில் காட்டக்கூடிய உரிமைக்கும் உள்ள தூரம் அதிகம்.

மறுதரப்பு வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. சிறுவர்களையும் இளைஞர்களையும் மயக்கியோ மிரட்டியோ உறுப்பு நீக்கம் செய்து தொழிலில் தள்ளும் கும்பல்கள் பற்றிய புகார்கள் வருகின்றன. கட்டாயத்தின் பேரில் செய்யப்படும் உறுப்பு நீக்கம் கொடிய குற்றம். சிறாருக்குச் செய்தால் மன்னிப்பே கூடாது. ரகசியம் காத்தால் குற்றவாளி தப்பிவிட மாட்டானா என்று காவல் அதிகாரிகள் கேட்கின்றனர். இப்போது மட்டும் எத்தனை பேர் பிடிபடுகின்றனர் என்று திருப்பிக் கேட்கலாம். கட்டாயப்படுத்தப்பட்டவரும் விரும்பிச் செய்துகொண்டவரும் ஒரே அச்சத்தால் ஒரே வீட்டுக்குள் பதுங்கிக் கிடக்கும்போது, இருவரையும் பிரித்தறிய வழியில்லை. வயது வந்த நோயாளியின் விருப்பமின்றித் தகவல் வெளியே போகாது, அவர் மீது எந்த நடவடிக்கையும் வராது என்ற உறுதி இருந்தால், பாதிக்கப்பட்டவர் முதலில் மனம் திறக்கக்கூடிய இடம் மருத்துவரின் மேஜைதான். சிறாருக்குத் தனி விதி இருக்கட்டும்.

தமிழகம் 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து, அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவைச் சிகிச்சைக்கும் வழி செய்தது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் அரசு மருத்துவரே செய்யும் ஒன்றை அடுத்த மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை என்ற எளிய பயன் அதில் இருந்தது. வடக்கே பெரும் மாநிலங்கள் பல அந்தப் பாதையில் காலெடுத்து வைக்கவே தயங்கின.

2019 சட்டத்தின் 15-வது பிரிவு தந்த வாக்குறுதிகள் குறைந்தவை அல்ல. அறுவை, ஹார்மோன் சிகிச்சை வசதி, அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை, சர்வதேச வழிகாட்டுதலின்படி சுகாதாரக் கையேடு, மருத்துவப் பாடத்திட்ட மறுஆய்வு, காப்பீடு. 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு என்று அறிவிக்கப்பட்டது. அதற்கும் திருநர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு திருத்தப்பட்ட தடயவியல் பாடத்தில், 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பழைய 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' பகுதியைத் தன்பாலின உறவு உள்பட மீண்டும் நுழைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. இத்தகைய பாடத்தைப் படித்து வெளியேறிய தலைமுறைகள்தான் இன்று புறநோயாளிப் பிரிவுகளில் அமர்ந்திருக்கின்றன.

2025 அக்டோபர் 17-இல் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2019 சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டதாக மத்திய, மாநில அரசுகளைக் கடிந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஆலோசனைக் குழுவையும் அமைத்தது. வேலைவாய்ப்பு வழக்கில் பிறந்த குழு என்பதால் அது மருத்துவத்தை மறந்துவிடக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிவானோர் 4.88 லட்சம் பேர். வாக்கு வங்கியாகத் திரளாத எண்ணிக்கை என்பதால் கட்சிகளின் கொறடாக்கள் இதற்காக அவையில் யாரையும் எழுப்பப் போவதில்லை. ஆனால் கேள்வி நேரம் எல்லா உறுப்பினருக்கும் உரியது. உறுப்பு நீக்கம் செய்துகொண்ட வயது வந்த ஒருவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால், அதை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிய வேண்டுமா, வேண்டாமா? மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள எய்ம்ஸிலும் சஃப்தர்ஜங்கிலும் ராம் மனோகர் லோகியாவிலும் இதற்கு எழுத்து மூலமான உத்தரவு என்ன? தமிழக உறுப்பினர் ஒருவர் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே இதை எழுப்பலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். துணைக் கேள்விகளுக்கும் இடமிருக்கும்.