ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு

பொதுத்தேர்வு முடிவு வந்த வாரத்தில் சேவூர் கடைவீதியில் நடந்தால், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ப்ளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பேனரும் கிடையாது. சின்னப் பிள்ளை என்ற செல்லம் போய்விட்டது. பொதுத்தேர்வு எழுதுகிறவர் என்ற மரியாதை இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் எந்த நேரமும் சத்தமும் சிரிப்பும் சண்டையும் சமாதானமுமாக இருப்பது இவர்களுடைய வகுப்பறைதான்.

சேவூர் இரண்டு உலகங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். இங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாராவாரம் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. அவிநாசி வழியாகத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேன்கள் விடிந்ததும் ஓடுகின்றன. இந்த வட்டாரத்து ஒன்பதாம் வகுப்பில் கடலைக்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையும், தறி ஓட்டுகிறவரின் மகனும், ஓவர்லாக் டெய்லரின் மகளும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது அந்த வரிசையில் உண்டு. வீட்டில் ஒரு பாஷை, வகுப்பில் நல்ல கொங்குத் தமிழ்.

இத்தனை பேருக்கும் ஒரே ஆசை இருக்குமா? ஒருத்தன் காலையில் சிலம்பம் சுற்றிவிட்டு வருவான். இன்னொருத்தனுக்குக் கெட்டுப்போன மிக்ஸியைக் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கண்களாக வரைந்து வைத்திருக்கும் பெண் ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருக்கிறாள். பனியன் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் வேறொரு வித்தை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனின் டி-ஷர்ட்டை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தே சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ரிப்பா என்று சொல்லிவிடுவார்கள். 180 ஜிஎஸ்எம் இருக்கும் என்று எடையையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனாலும் அது அறிவுதான். அப்பா அம்மாவின் உழைப்பைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு.

தனித்தனியான இந்த ஆசைகள்தான் ஒரு வகுப்பை வகுப்பாக்குகின்றன. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழகம் முழுக்க அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். ஆடத் தெரிந்தவர்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான். குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர்களும் பலகையைச் சுற்றி நின்றார்கள், ஏனென்றால் ஆடுகிறவன் ‘எங்க கிளாஸ் பையன்’. அவன் ஜெயித்தால் நாற்பது பேர் ஜெயித்த மாதிரி. தோற்றால் வேறு வகுப்புக்காரன் கிண்டல் செய்ய முடியாதபடி இவர்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

பள்ளிக் கல்வித் துறை 2022-23-ல் தொடங்கிய கலைத் திருவிழா இந்த உணர்வுக்குப் பெரிய மேடை தந்தது. ஒன்பதும் பத்தும் அதில் ஒரு பிரிவு. மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். அதில் குழு நடனம் என்று வந்துவிட்டால் வகுப்பே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் இப்போது வள்ளி கும்மி என்ற குழு நடனத்துக்குப் புது உயிர் வந்திருக்கிறது. அந்தக் கலையைப் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து, பெண்களையும் ஆட வைத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்மியில் ஒருத்தி மட்டும் நன்றாக ஆடிப் பயனில்லை. அடி பிசகினால் வட்டமே கலைந்துவிடும். அதனால் தாளம் பிடிபடாத பெண்ணுக்கு மதிய இடைவேளையில் மற்றவர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். யார் வீட்டில் பவர் மெஷின் இருக்கிறதோ அந்த வீட்டில் உடை தைக்கிறார்கள். படம் வரைகிறவள் முகத்துக்கு வண்ணம் பூசுகிறாள். மிக்ஸி கழற்றுகிறவன் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்கிறான். ஆடத் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

2024-ல் இன்னொன்றும் வந்தது. மகிழ் முற்றம் என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் பிறந்து நம்மூர் கான்வென்ட்டுகளில் நீலம், சிவப்பு என்று நிலைத்துவிட்ட ‘ஹவுஸ்’ முறை, நம் திணைப் பெயர்களோடு அரசுப் பள்ளிக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அணியில் நிற்பது நல்ல விஷயம். பெரியவர்கள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வரும்.

ஆனால் போட்டி மட்டும் போதாது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியல் அறிஞர் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரை ஒரு முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்தார். ஒரு அணி கழுகு, மற்றது பாம்பு. பரிசு வைத்துப் போட்டி நடத்தியதும் சில நாட்களிலேயே எதிரணியின் கொடியை எரிக்கிற அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தும் தீரவில்லை. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், எல்லாரும் சேர்ந்து கோளாறைத் தேட வேண்டி வந்தபோதுதான் முறுக்கு தளரத் தொடங்கியது. அணி பிரிக்கிற ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஏ’ பிரிவை ‘பி’ பிரிவு தோற்கடிக்கிற ஆட்டம் இருக்கட்டும். இரண்டு பிரிவும் சேர்ந்து தோட்டம் போடுகிற வேலையும், நாடகம் போடுகிற வேலையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

திருப்பூர் வட்டாரத்தில் இது இத்தனை முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் பதினான்குக்குக் கீழேதான் பொதுவான தடை விதிக்கிறது. அதற்கு மேலே பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஆக, ஒன்பதாம் வகுப்பு வயதில் இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் பிடியைத் தளர்த்துகின்றன. அதே வயதில் கம்பெனியில் டெய்லருக்கு உதவுகிற கைமடி வேலை கூப்பிடுகிறது. சனிக்கிழமை சம்பளம், சொந்தமாக ஒரு செல்போன். வீட்டில் கடன் இருந்தால் பையனே முடிவெடுத்துவிடுகிறான்.

அப்போது அவனை வகுப்பில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் பாடம் அல்ல. கபடி அணியில் அவன் இல்லாவிட்டால் ஆள் குறையும். நாடகத்தில் அவனுக்கு வசனம் இருக்கிறது. இரண்டு நாள் வராவிட்டால் “ஏன்டா வரல?” என்று வீட்டு வாசலில் வந்து நிற்க நான்கு பேர் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுகிற ஆசிரியரைவிட இந்த நான்கு பேர் வேகமாகச் செயல்படுகிறார்கள். வகுப்பில் ஒட்டாத பிள்ளைக்கு இந்த நான்கு பேர் கிடைப்பதில்லை. இடைநிற்றலைத் தடுக்க அரசு எத்தனையோ திட்டம் போடுகிறது, போடட்டும். வகுப்புத் தோழமையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இருந்தும், பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதாவதின் பாதியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பறிபோவது பி.இ.டி. பீரியட். அடுத்தது ஓவியம். கணக்கு டீச்சருக்குப் போர்ஷன் முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிற நேரத்தை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். விளையாட்டுக்கும் கலைக்கும் ஒதுக்கிய பீரியட்கள் உண்மையில் நடக்கின்றனவா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். நடக்கவில்லை என்றால், அன்றைக்கே அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.