குடிலுக்குள் ஒரு லாரி
மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்த அதே கைகள்தாம் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளையும் செய்கின்றன என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு நிருபர் எழுதிவிடுகிறார். நானும் தவறாமல் படித்துவிடுகிறேன். படிக்கும்போது மத நல்லிணக்கத்துக்கு முன்னால் முளைப்பயிர்தான் எனக்கு நினைவுக்கு வரும். கொலுப் பூங்காவுக்குக் கடுகோ கேழ்வரகோ தூவிப் பச்சை காட்டுகிற வித்தையேதான் குடிலுக்கும். மண்ணைப் பரப்பி விதையைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் பெத்லகேம் பசேலென்று ஆகிவிடும். அங்கே டிசம்பரில் அவ்வளவு புல் உண்டா என்றெல்லாம் கேட்கக் கூடாது. பிரவுன் பேப்பரைக் கசக்கினால் மலை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் குளம். ஒட்டகத்தைவிட ஆடு பெரிதாக நிற்கும். ஞானிகளுக்குப் பின்னால் வீட்டுப் பிள்ளையின் பிளாஸ்டிக் லாரியும் நிற்கும். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் காட்டிய அசிசி பிரான்சிஸ், அந்த லாரியை எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் கட்சி. இப்போது சீரியல் விளக்கோடு முழுக் குடிலும் அட்டைப்பெட்டியில் வந்துவிடுகிறது. வரட்டும். ஆனால் குழந்தை இயேசுவையும் முன்னணையோடு சேர்த்து ஒட்டியே அனுப்புகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 24ஆம் தேதி நள்ளிரவு வரை முன்னணை காலியாக அல்லவா இருக்க வேண்டும்? சுரூபம் அதுவரை பீரோவுக்குள், பஞ்சில் சுற்றியபடி இருக்கும். பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் பீரோச் சாவி எங்கே என்று வீடே தேடுகிற கூத்தெல்லாம் அந்த ஒட்டுக் குடிலில் கிடையாது.