கதிர்வீச்சு யாருக்கு அளக்கப்படுகிறது?

அச்சரப்பாக்கம் போன்ற ஊர்களிலிருந்து ஸ்கேன் எடுக்கச் செல்லும் ஏழை நோயாளி, கட்டணம் எவ்வளவு என்று கேட்பார். கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்வதுமில்லை.

அளக்காவிடில் என்ன நேரும் என்பதை இதே மாவட்டத்தின் கல்பாக்கம் காட்டியிருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று, அங்குள்ள அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் வால்வு பழுதானதால் உயர் கதிர்வீச்சுக் கழிவு வேறு தொட்டிக்குள் புகுந்தது. ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அந்தப் பகுதியில் எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. செய்தி வெளிவரவே மாதங்கள் ஆயின. அறிவியலாளர்கள் நிறைந்த வளாகத்திலேயே நிலை இதுவென்றால், ஆய்வாளர் எட்டிப்பார்க்காத எக்ஸ்ரே கூடங்களில்?

கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்ற வரம்பு உண்டு; பொதுமக்களுக்கு அது 1. நோயாளிக்கு வரம்பே இல்லை. நோயறியத் தேவையான அளவைத் தடுக்கலாகாது என்பதே காரணம். ஆனால் ஒரு மார்பு சி.டி. ஸ்கேன், மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சைத் தரும். ஆகவே நோயாளியின் பாதுகாப்பு இரண்டையே சார்ந்துள்ளது: அந்தப் படம் தேவைதானா என்ற மருத்துவரின் தீர்மானம், கருவி முறையாகச் சோதிக்கப்பட்டதா என்ற கண்காணிப்பு.

இரண்டாவதில்தான் அரசு தவறியது. நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 5,270 மட்டுமே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவாகியிருந்தன என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை அம்பலப்படுத்தியது. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவிட்டும், 2011 வரை கேரளமும் மிசோரமும் மட்டுமே அமைத்திருந்தன. பின்னர் இணையவழி உரிமமுறை வந்தது. உரிமம் தாளில் இருப்பதும் கருவி சோதிக்கப்படுவதும் வேறுவேறு.

இங்கே சாதியும் பேசப்பட வேண்டும். மருத்துவமனைகளின் துப்புரவுப் பணி ஒப்பந்தமாகி, பெரும்பாலும் தலித் மக்கள் மீதே சுமத்தப்படுகிறது. படமெடுக்கையில் நோயாளியைத் தாங்கிப் பிடிக்க அத்தகைய ஊழியர் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டால், அவர் உடல் ஏற்கும் கதிர்வீச்சை எந்தப் பதிவேடு சொல்லும்? பணியாளர் பட்டியலில் பெயரில்லாதவருக்கு அளவுப் பட்டையும் இல்லை. பட்டை இல்லாதவருக்குப் பாதிப்பை மெய்ப்பிக்கும் சான்றும் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் கருவிச் சோதனை கடைசியாக நடந்த நாள், பட்டை பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர்கள் கேட்கலாம். தனியார் கூடங்களில் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். யாரை அளக்கிறோம் என்பது, யாருடைய உயிரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதேயாகும்.