கடலுக்குள் ஒரு கோயில்

கரீபியன் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபாகோவில், வாட்டர்லூ கிராமத்துக் கடலுக்குள் நிற்கிறது ஓர் எண்கோணக் கோயில். கட்டியவர், கரும்புத் தோட்டத் தொழிலாளி சிவ்தாஸ் சாது.

முதலில் அவர் கரையில்தான் கோயில் எழுப்பினார். நிலம் சர்க்கரை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அதை இடித்துத் தள்ளினார்கள். அவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. கடலுக்கு யார் பட்டா கேட்பது? சைக்கிளில் கல்லும் சிமென்ட்டும் சுமந்து வந்து, சுமார் 25 ஆண்டுகள் தனியாளாகக் கடலைத் தூர்த்தார்.

1845-ல் இந்தியத் தொழிலாளர்கள் முதன்முதலில் அங்கு வந்திறங்கினார்கள். அதன் 150-வது ஆண்டான 1995-ல், அலைகளால் சிதைந்திருந்த கோயிலை அரசே புதுப்பித்தது. இன்று நடைபாதை வழியாகவே சன்னிதிக்குப் போகலாம். ஒருகாலத்தில் சிறைக்கு அனுப்பப்பட்ட சாது, இப்போது அங்கே சிலையாக நிற்கிறார்!