கனடியப் பிரஜாவுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லையா?



சென்ற வாரம் மார்க்கம் நகரிலிருந்து வாசகி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நாங்கள் எல்லாரும் சிற்றிசன்ஷிப் எடுத்திட்டம் அண்ணா, அம்மா மட்டும் பி.ஆர். காட்டோட இருக்கிறா. இங்கிலீஷ் தெரியாது, சோதினை பாஸ் பண்ணமாட்டா." அம்மாவுக்கு வயது 61. "தங்கச்சி, அம்மா சோதினையே எழுதத் தேவையில்லை" என்றேன். பரீட்சையும் மொழித் தகைமையும் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்குத்தான்.

இதே பயத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். இளையவர்களும் பரீட்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. 20 கேள்விகளில் 15 சரியானால் தேறிவிடலாம். ‘டிஸ்கவர் கனடா’ என்ற அரசாங்கக் கையேட்டை ஊன்றிப் படித்தால் போதும். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கூடுதல் கவனம் வேண்டியது நாட்கணக்கில்தான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனது, லண்டனில் மச்சாளின் கல்யாணத்துக்குப் போனது எல்லாம் நினைவில் இருக்கும். காரில் எல்லை தாண்டிப் பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தது மறந்துபோகும்; கடவுச்சீட்டில் முத்திரை இருக்காது. ஆனால் எல்லைப் பதிவில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவையுங்கள். 1,095 நிறைந்த அன்றே அனுப்பாமல், சில வாரங்கள் கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள். நிரந்தர வதிவிட உரிமைக்கு (பி.ஆர்.) முன் மாணவராகவோ வேலை அனுமதியுடனோ இருந்த நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365. வருமான வரிக் கணக்கையும் ஒழுங்காகத் தாக்கல் செய்துவையுங்கள்.

"ஊர் உரிமை போய்விடுமே" என்ற கவலையும் உண்டு. கனடா 1977 முதல் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்கிறது. இலங்கைச் சட்டப்படி அந்நாட்டுப் பிரஜாவுரிமை நீங்கினாலும், இரட்டைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இந்தியா அதை அனுமதிப்பதில்லை. அங்கிருந்து வந்தவர்கள் பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு ‘இந்திய வெளிநாட்டுப் பிரஜை’ (ஓசிஐ) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வாக்குரிமை. நிரந்தர வதிவிட உரிமையுடன் வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், வரி கட்டலாம். ஆனால் நகரசபைக்கோ மாகாணத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வாக்களிக்க முடியாது. வாக்கின் பலத்துக்கு நம் சமூகத்தின் கதையே சான்று. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். 25 ஆண்டுகளின் பின், 2011இல், யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்; அங்கே நுழைந்த முதல் தமிழர் அவர். அகதியாக வந்த சமூகம் பிரஜையாகி, வாக்காளராகி நின்றதன் பலன் அது.

இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள பி.ஆர். காட்களை எடுத்துப் பாருங்கள். யாருக்குத் தகுதி வந்திருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். அப்பா, அம்மாவின் விண்ணப்பத்தைப் பிள்ளைகளே பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். அடுத்த தேர்தலில் அவர்களும் வாக்களிக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்